பின்கொட்டகைக்குக் கிளாஸ் கிடையாது

1. முதல் நாள்

பாரில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், கேப்டன் தாஸ் அண்ணன் எனக்கு இரண்டு விஷயங்கள் சொல்லிக் கொடுத்தார். ஒன்று தொழில். இன்னொன்று அந்தக் கடையின் சட்டம். தொழிலைச் சொல்ல ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டார். சட்டத்தைச் சொல்ல அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

கும்பகோணத்துக்குத் தெற்கே ஒரு சின்ன டவுன். மதுவிலக்கை எடுத்த புதிது. ஊருக்கு ஊர் சாராயக்கடை வந்துவிட்டது. கொஞ்சம் பணப்புழக்கம் உள்ள இடங்களில் பீர், பிராந்தி விற்க லைசென்ஸ் வாங்கி பார் திறந்தார்கள். எங்கள் முதலாளிக்கு ரைஸ் மில் இருந்தது, பஸ் ஸ்டாண்டை ஒட்டிச் சொந்தக் கட்டடம் இருந்தது, கட்சியில் ஒரு பதவியும் இருந்தது. லைசென்ஸ் கிடைக்க வேறென்ன வேண்டும்?

சப்ளையர்களுக்குத் தலைவரைத்தான் பாரில் கேப்டன் என்போம். தாஸ் அண்ணன் திருச்சியில் பெரிய ஹோட்டலில் வேலை பார்த்தவர். சுத்தமான தொழில்காரர். ஒரு மக்கை என் கையில் கொடுத்தார். கைப்பிடி வைத்த கனமான கண்ணாடி மக்.

“சாய்ச்சுப் புடி. ஓரமா ஊத்து. அவசரப்படாத. முக்கா வந்ததும் நிமித்து. மேல ரெண்டு விரக்கடை நுரை நிக்கணும். அவ்வளவுதான், இதுதான்டா பீரு” என்றார்.

“பாட்டிலோட குடிச்சா என்னண்ணே?”

“கேஸ் பூரா வயித்துக்குள்ள போயிரும். வயிறு ஊதும், ஏப்பமா வரும். மணமும் தெரியாது. வாய் பாட்டில்ல இருக்கு, மூக்கு வெளிய நிக்குது. அதுக்கு என்னடா தெரியும்?”

மக்கைக் கழுவவும் அவர்தான் சொல்லிக் கொடுத்தார். சோப்பு ஆகாது, பிசுக்கு ஒட்டினால் நுரை நிற்காது. கல் உப்பைப் போட்டு உள்ளே தேய்க்க வேண்டும், இரண்டு தண்ணீர் விட்டு அலச வேண்டும், கொக்கியில் கவிழ்த்து மாட்ட வேண்டும். துணியால் துடைக்கவே கூடாது. இன்றைக்கும் இந்தத் தொழிலில் இருக்கிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம். கேனில் வருகிற பீருக்கும் இதுவே கணக்கு. கேன் எல்லாம் எங்கள் பக்கம் வந்து சேர இன்னும் வருஷங்கள் இருந்தன.

எல்லாம் சொல்லி முடித்துவிட்டு மேஜையைத் துடைக்க ஆரம்பித்தவர், துடைத்துக்கொண்டே சொன்னார்: “இதெல்லாம் முன்னாடி ஹாலுக்கு. நீ நிக்கப்போறது பின்கொட்டகை. அங்க கிளாஸ் கிடையாது. பாட்டிலைத் தொறந்து கையில குடுத்துரு.”

“ஏண்ணே?”

“ஒடச்சிருவாங்கன்னு முதலாளி சொல்றாரு.”

என் முகத்தை அவர் பார்க்கவில்லை. துடைத்த மேஜையையே மறுபடியும் துடைத்தார்.

ஹால் மெயின் ரோட்டைப் பார்த்து இருக்கும். ஃபேன், பிரம்பு நாற்காலி, சுவரில் தலைவர் படம், படத்துக்கு மாலை. பின்கொட்டகைக்குப் பக்கத்துச் சந்து வழியாக, வாய்க்கால் ஓரமாக வர வேண்டும். ஆஸ்பெஸ்டாஸ் கூரை, சிமெண்ட் பெஞ்சு. யார் எங்கே உட்கார வேண்டும் என்று எந்தப் போர்டும் கிடையாது. மிராசுதார்களும் நெல் கமிஷன்காரர்களும் ஆபீஸ் ஆட்களும் முன்பக்கம் வருவார்கள். வயல் வேலை செய்கிறவர்கள், அதிலும் காலனித் தெருக்காரர்கள், சந்து வழியாக வருவார்கள். தெரியாமல் ஒருவன் முன் வாசலுக்கு வந்துவிட்டால் வாட்ச்மேன் “அந்தாண்ட வாப்பா” என்பான். அவ்வளவுதான். பீர் ஒன்றுதான், கம்பெனி ஒன்றுதான், விலையும் ஒன்றுதான். கிளாஸ் மட்டும் கிடையாது.

உடைத்துவிடுவார்களாம்! நான் அங்கே இருந்த காலத்தில் ஹாலில் மக் உடையாத வாரம் கிடையாது. இரண்டு மிராசுதார்கள் வாய்க்கால் முறைத் தண்ணீரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் போதும், மேஜையில் குத்துகிற குத்தில் மக் கைப்பிடி தனியாக வந்துவிடும். தாஸ் அண்ணன் சத்தம் போடாமல் பெருக்கி அள்ளிவிட்டுப் புது மக் கொண்டு வந்து வைப்பார். இனிமேல் பாட்டிலோடு குடியுங்கள் என்று அவர்களிடம் ஒருத்தரும் சொன்னதில்லை.

என்னை ஏன் பின்கொட்டகைக்கு எடுத்தார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் அப்பா நாற்றங்காலிலும் களத்திலும் உழைத்தவர். நான் பத்தாவது படித்தவன். “அவங்க பேச்சு தெரிஞ்ச ஆளு ஒருத்தன் வேணும்” என்று முதலாளி கேட்டதற்கு என்னைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அங்கே கிளாஸ் ஏன் இல்லை என்பது எனக்கு முதல் நாளே புரிந்தது. வேலை வேண்டும், அதனால் தலையாட்டினேன்.

2. நான் தயாரித்த காரணம்

பின்கொட்டகைக்குத் தினம் வருகிறவர்களில் நாகப்பன் முக்கியமானவர். ஐம்பது வயது இருக்கும். அறுவடைக்கு ஆள் திரட்டிக் கொண்டுபோகிறவர். அவர் வந்தால் மற்றவர்கள் நகர்ந்து இடம் விடுவார்கள். நான் சேர்ந்து பத்துப் பதினைந்து நாள் இருக்கும், ஒரு சாயங்காலம் என்னைக் கூப்பிட்டார்.

“தம்பி, முன்னாடி கண்ணாடி கிளாஸுல நுரை தளும்பத் தளும்பக் குடிக்கிறாங்க. எங்களுக்கு ஒண்ணு குடுத்தா என்னா?”

இந்த இடத்தில் நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? “முதலாளி குடுக்கக் கூடாதுன்னுட்டாருங்க” என்று சொல்லியிருக்க வேண்டும். மூன்றே வார்த்தை. நாகப்பனுக்கு அது உடனே புரிந்திருக்கும். அந்த மாதிரி வார்த்தைகளைக் கேட்டுத்தான் அவர் தலை நரைத்திருந்தது. ஆனால் என் மாமன் வயசு மனுஷனிடம் அதைச் சொல்ல எனக்கு நாக்கு கூசியது. அவர் முகம் சுண்டிப்போவதைப் பார்க்க வேண்டாம் என்று நினைத்தேன். நல்ல எண்ணம்தான். அந்த நல்ல எண்ணத்தில் கொள்ளி வைக்க.

“கிளாஸா? அது ஏமாத்து வேலைங்க. கிளாஸுல ஊத்துறப்ப தண்ணியைக் கலந்தா யாருக்குத் தெரியும்? உங்களுக்குப் பாருங்க, சீல் உடைக்காத பாட்டில், உங்க கண்ணு முன்னாடி தொறக்குறேன். பாட்டில்லதான் சரக்கு சுத்தம், வேகமும் ஜாஸ்தி” என்றேன்.

நாகப்பன் ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு சத்தமாகச் சிரித்தார். “கேட்டீங்களாடா! மிராசு எல்லாம் காசு குடுத்துத் தண்ணியைக் குடிக்கிறானுவ!”

அன்றையிலிருந்து பின்கொட்டகையில் அதுவே வேதம். பாட்டில் மூடி ‘டப்’ என்று திறக்கிற சத்தத்துக்கு ஒரு பெருமை வந்துவிட்டது. புதிதாக வருகிற ஆளுக்குப் பழைய ஆள் விளக்கம் சொல்வான். கேஸ் வயிற்றில் ஏறி ஏப்பம் விடுவார்கள், ஏப்பம் வந்தால் வேகம் ஏறிவிட்டது என்பார்கள். வயிறு ஊதிப் பெஞ்சில் சாய்ந்து கிடக்கிறவர்களைப் பார்த்துக்கொண்டு, தாஸ் அண்ணனிடம் தொழில் கற்ற நான், வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

முதலாளி காதுக்கு விஷயம் போனது. கூப்பிட்டு விட்டார். பயந்துகொண்டு போனேன். “மூளைக்காரன்டா நீ! எனக்குத் தோணலியே இது!” என்று முதுகில் தட்டினார். மறுநாளே பெயிண்டர் வந்து பின்கொட்டகைச் சுவரில் கொட்டை எழுத்தில் எழுதினான்: ‘இங்கு சீல் உடைக்காத பாட்டில் மட்டுமே வழங்கப்படும்.’ கொட்டகைக்கு என்னை இன்சார்ஜ் ஆக்கினார்கள். நான் வீட்டுக்குப் போய் அம்மாவிடம் அதைப் பெருமையாகச் சொன்னேன். இதை எழுதும்போது எனக்கு உடம்பு கூசுகிறது.

அந்த மாதத்தில்தான் பஸ் ஸ்டாண்டு பக்கம் கட்சிப் பொதுக்கூட்டம். முதலாளி கரை வேட்டியோடு மேடை ஏறி சுயமரியாதையைப் பற்றி அரை மணி நேரம் பேசினார். “ஒருவன் குடித்த குவளையை இன்னொருவன் தொட மாட்டேன் என்று சொன்ன காலம் மலையேறிவிட்டது, தோழர்களே!” என்று கையை ஓங்கினார். என்ன கைதட்டல்! கூட்டத்தில் நாகப்பன் தட்டினார், நானும் தட்டினேன். மேடையிலிருந்து பார்த்தால் எங்கள் பின்கொட்டகைக் கூரை தெரியும்.

3. கலியமூர்த்தி

அந்த வருஷம் சம்பா அறுவடையில் பெரிய தகராறு. கூலியை உயர்த்திக் கேட்டார்கள். நிலக்காரர்கள் கொடுக்க மாட்டோம் என்று சொல்லி, லாரியில் வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள். உள்ளூர் ஆட்கள் வரப்பில் வரிசையாக நின்று மறித்தார்கள். மறித்தவர்களைத் தடியால் அடிக்கத் தனியாக ஆட்கள் வந்திருந்தார்கள். எல்லாம் முடிந்த பிறகு போலீஸ் வந்தது. வந்து யாரைப் பிடித்தது தெரியுமா? மண்டை உடைந்தவர்களை. அடித்தவன் சாவகாசமாகச் சைக்கிளில் வீட்டுக்குப் போனான்.

கலியமூர்த்தி நாகப்பனின் அறுவடைச் செட்டில் ஒருவர், கிட்டத்தட்ட என் வயது. வரப்பில் முதல் ஆளாக நின்றவர். தடி நேராக வாயில் விழுந்தது. மேல்வரிசையில் நாலு பல் போயிற்று, மேலுதடு இரண்டாகக் கிழிந்தது. தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரியில் தையல் போட்டார்கள். காயம் ஆறியது, ஆனால் உதடு மேலே இழுத்துக்கொண்டு நின்றுவிட்டது. வாயை மூட வராது. பேசினால் பாதி காற்றாகப் போகும்.

அடிபட்டுப் பல வாரம் கழித்து அவர் கொட்டகைக்கு வந்தார். எல்லோரும் எழுந்து இடம் கொடுத்தார்கள். சாராயம் பட்டால் உதடு எரிகிறது, அதனால் பீர் குடிக்கலாம் என்று வந்ததாகச் சொன்னார். நான் ஜில்லென்று ஒரு பாட்டிலை எடுத்துத் திறந்து கையில் கொடுத்தேன்.

பாட்டிலை வாயில் வைத்தார். பாட்டில் வாயை உதட்டால் கவ்வினால்தானே குடிக்க முடியும்? அவரால் கவ்வ முடியவில்லை. பீர் இரண்டு பக்கமும் ஒழுகிக் கழுத்து வழியாகச் சட்டைக்குள் இறங்கியது. அண்ணாந்து ஊற்றிப் பார்த்தார். நுரை தொண்டையில் அடைத்து மூக்கு வழியாக வந்தது. கண்ணில் நீர் வர இருமினார். கொட்டகையில் சிலர் சிரித்தார்கள். எதிராளிகள் இல்லை, அவரோடு வரப்பில் நின்றவர்களே சிரித்தார்கள். எனக்கு அவர்கள் மேல் வந்த ஆத்திரத்தில் ஒருத்தனை அறைந்திருப்பேன்.

மூன்றாவது தடவையும் ஒழுகிய பிறகு, கலியமூர்த்தி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“மாணிக்கம், ஒரு கிளாஸ் குடுங்க.”

“இங்க கிளாஸ் இல்லீங்களே.”

“குடிச்சிட்டு நானே கழுவித் தந்துர்றேன்.”

கழுவித் தருகிறேன் என்கிறார். ஆக அவருக்குத் தெரிந்திருக்கிறது. சுவரில் எழுதினதை அவர் நம்பவே இல்லை. நான் பதில் தேடுவதற்குள் நாகப்பன் குறுக்கே வந்தார்.

“டேய் கலியமூர்த்தி, கிளாஸுல தண்ணியைக் கலப்பானுவடா. தம்பியைக் கேளு, சொல்லும். பாட்டில்லயே கொஞ்சம் கொஞ்சமா குடி.”

“வீணாப் போவுதுண்ணே. சட்டைதான் குடிக்குது” என்றார் கலியமூர்த்தி. இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

நான் தாஸ் அண்ணனிடம் போனேன், அவர் முதலாளியைக் கேள் என்றார். முதலாளியிடம் போனேன்.

“வாயில அடிபட்டவருங்க. பாட்டில்ல குடிக்க முடியல. ஒரே ஒரு மக் மட்டும்...”

“இன்னிக்கி ஒருத்தனுக்குக் குடுத்தா நாளைக்கி நாப்பது பேரு கேப்பான். முடியலேன்னா வீட்டுல கெடக்கச் சொல்லு. நீ இன்சார்ஜா, அவனுக்கு வக்கீலா?”

4. ஒரு மக் உடைந்தது

ஹாலுக்கும் கொட்டகைக்கும் நடுவில் மக் கழுவுகிற இடம். அங்கே கொக்கிகளில் மக்குகள் கவிழ்ந்து தொங்கும். அதில் ஒன்றை எடுத்துத் தோள் துண்டுக்குள் மறைத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். அந்தக் கடையில் நான் செய்த முதல் ஒழுங்கான காரியம் அதுதான்.

மக்கைச் சாய்த்துப் பிடித்தேன். ஓரமாக ஊற்றினேன். முக்கால் வந்ததும் நிமிர்த்தினேன். இரண்டு விரக்கடை நுரை நின்றது. இத்தனை மாதத்தில் பின்கொட்டகையில் ஒரு மனுஷனுக்கு நான் பீர் ஊற்றிக் கொடுத்தது அப்போதுதான். கலியமூர்த்தி இரண்டு கையாலும் வாங்கினார். மக் விளிம்பை நன்றாக இருந்த கீழுதட்டில் வைத்து மெதுவாகச் சாய்த்தார். ஒரு சொட்டு ஒழுகவில்லை. பாதி குடித்துவிட்டு நிறுத்தி, மக்குக்குள் மூக்கை வைத்து இழுத்தார்.

“மணமா இருக்கே! புதுக் களத்துல நிக்கிறாப்புல” என்றார்.

சுற்றி இருந்தவர்கள் பாட்டிலை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய் முகர்ந்து பார்த்தார்கள். ஒன்றும் தெரியவில்லை. நாகப்பன் என்னையும் மக்கையும் மாறி மாறிப் பார்த்தார்.

வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் கலியமூர்த்தி அந்த மக்கைத் தானே கழுவிக் கொடுத்தார். நான் உப்புப் போட்டுத் தேய்த்து மறுபடி கழுவிக் கொக்கியில் மாட்டினேன். திரும்பினால் தாஸ் அண்ணன் நிற்கிறார். வாட்ச்மேன் போட்டுக்கொடுத்துவிட்டான்.

“எது?” என்றார். காட்டினேன்.

கொக்கியிலிருந்து எடுத்தார். துணி துவைக்கிற கல் ஒன்று அங்கே கிடக்கும். அதில் ஓங்கி அடித்தார். கைப்பிடி மட்டும் அவர் கையில் நின்றது. அதையும் கீழே போட்டார். பிறகு துடைப்பத்தை எடுத்து ஒரு சில்லு விடாமல் பெருக்கிச் சாக்கில் கட்டினார்.

“என்னண்ணே இது?”

“ஹாலுக்கு இனிமே ஆவாதாம். முதலாளி சொன்னாரு. நான் என்னடா பண்றது?” என்றார். குரலில் கோபம்கூட இல்லை. மக்கைத் துணியால் துடைக்கக் கூடாது என்று எனக்குச் சொல்லிக் கொடுத்த கை அது. எனக்குத் தாங்கவில்லை. ஆனாலும் அன்றைக்கு நான் வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் கலியமூர்த்தி வந்தார். “மக் எங்க?” என்றார். “உடைஞ்சு போச்சுங்க” என்றேன். “யாரு ஒடச்சது?” என்றார். நான் தரையைப் பார்த்தேன். அவர் ஒன்றும் குடிக்காமல் சந்து வழியாகப் போய்விட்டார். அடுத்த திங்கட்கிழமை தஞ்சாவூருக்குப் பஸ் ஏறி, கலெக்டர் ஆபீஸில் மனு கொடுத்துவிட்டார். காலனி ஆட்களுக்கு இந்த பாரில் கிளாஸ் மறுக்கிறார்கள், விசாரிக்க வேண்டும் என்று மனு.

5. விசாரணை

தாசில்தார் ஒரு கிளார்க்கோடு காலை பதினோரு மணிக்கு ஜீப்பில் வந்து இறங்கினார். இவர் எங்கள் ஹாலுக்குப் புதியவர் இல்லை. சனிக்கிழமை சாயங்காலம் மூலை மேஜை அவருடையது. கொட்டகையில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். எதிரே இருபது பேர் நின்றார்கள். கலியமூர்த்தி தூணோரம் நின்றார். முதலாளி கும்பிட்ட கையை இறக்கவே இல்லை.

“கிளாஸ் குடுக்கிறதில்லைன்னு மனு வந்திருக்கு. என்ன சொல்றீங்க?”

“ஐயா, இது அவங்களா விரும்பிக் கேக்கிறது. சுவத்தைப் பாருங்க, எழுதியே வச்சிருக்கோம். வேணுமுன்னா அவங்களையே கேளுங்க” என்றார் முதலாளி.

தாசில்தார் நாகப்பனைப் பார்த்தார். “ஏம்பா, உங்களுக்குக் கிளாஸ் வேணுமா, வேணாமா?”

“வேண்டாங்கய்யா. பாட்டில்தாங்க சுத்தம்.”

முதலாளி முகம் மலர்ந்தது. கிளார்க் எழுதினான். அதோடு விட்டிருந்தால் விசாரணை முடிந்திருக்கும். நாகப்பனுக்குப் பேச்சு நிறுத்தத் தெரியாது.

“கிளாஸுன்னா தண்ணியைக் கலந்துருவாங்கய்யா. முன்னாடி ஹாலுல தெனம் அப்பிடித்தானே ஊத்துறாங்க!”

தாசில்தார் நாற்காலியில் நிமிர்ந்தார். சனிக்கிழமை மூலை மேஜை அவர் ஞாபகத்துக்கு வந்துவிட்டது என்று நினைக்கிறேன். “என்னது? ஹால்ல தண்ணி கலக்கிறீங்களா?”

முதலாளிக்கு வேர்த்துவிட்டது. கலக்கிறோம் என்றால் லைசென்ஸ் போகும். கலக்கவில்லை என்றால், அப்புறம் எதற்காக இவர்களுக்குக் கிளாஸ் இல்லை? இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு என்னைப் பிடித்தார்.

“மாணிக்கம், நீதானே இங்க இன்சார்ஜ்? ஐயாகிட்ட சொல்லு.” சொல்லும்போதே கண்ணால் மிரட்டினார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நாகப்பன், ‘சொல்லு தம்பி, நாம சொல்றது சரிதானே’ என்கிற நம்பிக்கையோடு பார்த்தார். அந்தப் பார்வையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. உண்மையைச் சொன்னால் வேலை போகும், அது எனக்குத் தெரியும். அதைவிட, இத்தனை நாள் பெருமையாகப் பாட்டிலைத் தூக்கிப் பிடித்த இருபது பேர் முன்னால், நீங்கள் ஏமாந்தீர்கள், ஏமாற்றியது நான் என்று சொல்ல வேண்டும்.

“தண்ணி கலக்கிறதில்லீங்க. அது நான் சொன்ன பொய்ங்க” என்றேன்.

“ஏன் சொன்னே?”

“இவங்களுக்குக் கிளாஸ் குடுக்கக் கூடாதுன்னு உத்தரவுங்க. அதை நேராச் சொல்ல வெக்கமா இருந்துச்சு. அதனால ஒரு காரணம் சொன்னேன்.”

“ஐயா, கிளாஸ் ஒடஞ்சிரும்னுதான்...” என்று முதலாளி உள்ளே புகுந்தார்.

எனக்கு அதுவரை இருந்த பயம் அந்த வார்த்தையில் போய்விட்டது. என்ன துணிச்சல்! “இந்தக் கொட்டகையில ஒரே ஒரு மக்தாங்க ஒடஞ்சுது. இவங்க ஒடைக்கல. கலியமூர்த்தி வாய் வச்சுக் குடிச்சாருன்னு, கேப்டனை விட்டுக் கல்லுல அடிச்சு ஒடைக்கச் சொன்னாங்க. நான் பக்கத்துல நின்னு பாத்தேன்.”

தாசில்தார் தாஸ் அண்ணனைப் பார்த்தார். “உண்மையா?”

“சொன்னாங்க, செஞ்சேங்க” என்றார் தாஸ் அண்ணன்.

இதைக் கேட்டபின் ஒரு அதிகாரி என்ன செய்ய வேண்டும்? சட்டம் இருக்கிறது, கையில் பேனா இருக்கிறது, சாட்சி எதிரே நிற்கிறது. அந்த மனுஷன் முதலாளியின் கரை வேட்டியைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார். கிளார்க்கைப் பார்த்து நிதானமாகச் சொன்னார்: “எழுதிக்கோ. மனுதாரர் வாயில் காயம்பட்டவர். அவரது உடல்நிலையை உத்தேசித்து, மருத்துவச் சான்று கொடுத்தால், அவருக்கு மட்டும் கிளாஸ் வழங்க பார் உரிமையாளர் சம்மதிக்கிறார்.”

“தாராளமாங்கய்யா! நானே வாங்கித் தர்றேன்!” என்றார் முதலாளி. பூசி மெழுகுவதில் எவ்வளவு ஒற்றுமை!

கிளார்க் கையெழுத்து வாங்கத் தாளை நீட்டினான். கலியமூர்த்தி தூணிலிருந்து முன்னால் வந்தார். தாளை வாங்கவில்லை. காற்றோடு கலந்து வருகிற பேச்சுதான், ஆனால் கொட்டகையில் எல்லோருக்கும் கேட்டது.

“வாய் ஒடஞ்சவனுக்குத்தான் கிளாஸுன்னா, இவங்க எல்லாம் வாயை ஒடச்சுக்கிட்டு வரணுமாய்யா?”

தாசில்தார் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு எழுந்துவிட்டார். ‘மனுதாரர் கையெழுத்திட மறுத்தார்’ என்று கிளார்க் எழுதிக்கொண்டான். கலியமூர்த்தி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். சந்து வழியாகப் போகவில்லை. ஹாலுக்குள் நுழைந்து, பிரம்பு நாற்காலிகளுக்கு நடுவில் நடந்து, முன் வாசல் வழியாக ரோட்டுக்குப் போனார். வாட்ச்மேன் வாயைத் திறக்கவில்லை. அவர் பின்னாலேயே மற்றவர்களும் ஒவ்வொருவராக அதே வழியில் போனார்கள்.

கடைசியாக நாகப்பன் நின்றார். முதலாளியைத் திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் முதலாளியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என் எதிரே வந்து நின்றார்.

“அவன் எங்கள ஏய்ச்சான்னா, அவன் முதலாளி, அப்பிடித்தான் பண்ணுவான். நீ யாருடா?”

அடித்திருந்தால் தேவலை. அவர் போய்விட்டார்.

6. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு

என்னை யாரும் வேலையை விட்டு நிறுத்தவில்லை, நிறுத்துவதற்குள் நானே தோள் துண்டைப் பெஞ்சில் போட்டுவிட்டு வந்துவிட்டேன். அந்தக் கொட்டகைக்கு அதற்குப் பிறகு ஆள் வரவில்லை. பல மாதம் பூட்டிக் கிடந்தது. ஆள் வராத பிறகுதான் முதலாளி மசிந்தார். எப்படி மசிந்தார் என்கிறீர்கள்? பின்பக்கத்துக்கு மட்டும் குடித்துவிட்டு நசுக்கிப் போடுகிற பிளாஸ்டிக் கப் வாங்கிப் போட்டார். கழுவ வேண்டாம், கொக்கியில் மாட்ட வேண்டாம், யார் வாய் வைத்தது என்ற கேள்வியே வேண்டாம். இது ஒரு முன்னேற்றம்தானே என்று ஒரு படித்தவர் என்னிடம் சொன்னார். அவரோடு எனக்குப் பேச்சுவார்த்தை இல்லை.

அதற்குப் பிறகு தஞ்சாவூரிலும் திருச்சியிலும் பல பார்களில் வேலை பார்த்தேன், கேப்டனாகவும் இருந்தேன். என் கீழே சேர்ந்த ஒவ்வொருவருக்கும் முதலில் மக்கைச் சாய்த்துப் பிடிக்கக் கற்றுக்கொடுப்பேன். யார் வந்தாலும் கிளாஸ் வைக்க வேண்டும், வேண்டாம் என்று அவர் சொன்னால் எடுத்துக்கொள்ளலாம் என்பேன். இது எல்லா இடத்திலும் செல்லுபடியானதா என்றால், இல்லை. இரண்டு இடங்களில் இதற்காகவே என்னை வெளியே அனுப்பினார்கள். போங்கடா என்று வந்துவிட்டேன்.

எந்த ஆபீஸாக இருந்தாலும், எந்தக் கடையாக இருந்தாலும், மேலே இருந்து சில உத்தரவுகள் வரும். அவற்றில் சில அக்கிரமமாக இருக்கும். அதை ஜனங்களிடம் கொண்டுபோய்ச் சேர்க்கிற வேலை நம்முடையதாக இருக்கும். அப்போது அதற்குச் சர்க்கரை தடவ உங்கள் மூளையைக் கொடுக்காதீர்கள். முதலாளிக்கு அக்கிரமம் செய்யத்தான் தெரியும். அதற்கு நல்ல காரணம் கண்டுபிடித்துக் கொடுக்கிறவன் நம்மில் ஒருத்தன். உத்தரவை உத்தரவு என்றே, அவர் சொன்ன வார்த்தையிலேயே, எதிரே நிற்கிற ஆளின் கண்ணைப் பார்த்துச் சொல்லுங்கள். அப்படிச் சொல்ல உங்கள் நாக்கு கூசினால், அந்த வேலையைச் செய்யாதீர்கள்.